பெட்ரோலுக்குப் பதிலாகப் பார்சல்கள்

என் கணவருக்கு முடியாது என்று சொல்ல வராது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சொல்லை அவர் வாயால் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று நானும் காத்துக் கிடந்தேன்.

தீவில் ஒருவர் ஊருக்குக் கிளம்பினால் போதும். "அங்கதான போறீங்க, அப்படியே இதையும் கொடுத்துருங்க" என்று ஆளாளுக்கு ஒரு பார்சலோடு வந்து நிற்பார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். இவருக்கோ அதில் அப்படி ஒரு பெருமை.

நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு வடக்குக் கோடியிலிருக்கும் திக்லிபூர் போயிருந்தோம். பரீட்சை இருந்ததால் மகளை, போர்ட் பிளேருக்கு எதிர்க்கரையிலிருக்கும் எங்கள் ஊரான பாம்பூஃப்ளாட்டில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்தோம். திரும்ப வேண்டிய நாளில் கடல் சரியில்லை என்று கப்பல் ரத்து. மண் சரிந்து பஸ்ஸும் இல்லை. அந்த நேரம் பார்த்து மகளுக்குக் காய்ச்சல் என்று போன். "பயப்படாதீங்க" என்று அந்த அக்கா சொன்ன விதத்திலேயே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கடைசியில் நாத்தனாரின் மாப்பிள்ளை யார் யாரிடமோ பேசி, போர்ட் பிளேருக்குத் திரும்பும் ஒரு தனியார் குட்டி விமானத்தில் இரண்டு இடம் பிடித்துக் கொடுத்தார்.

அதற்குள் செய்தி பரவி, பாக்கு, தேங்காய், கருவாடு, அரிசி என்று இவர் காலடியில் ஒரு சந்தையே கூடிவிட்டது. விமானத்தில் ஏறுமுன் எங்களைப் பாக்கு மூட்டையைப் போல் தராசில் ஏற்றி எடை போட்டார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்த இளம் பைலட் பார்சல்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். இவ்வளவு சாமானையும் ஏற்றினால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்றார்.

"குறைச்சுக்கோங்க சாப், பாஸ் மே ஹீ தோ ஹை" என்றார் இவர், போர்ட் பிளேர் பக்கத்தில்தானே என்று.

இவர் படகு எஞ்சின் மெக்கானிக். டிங்கிப் படகில் பெட்ரோல் தீர்ந்தால் அடுத்த டிங்கிக்காரன் கயிறு போட்டு இழுத்து வந்துவிடுவான். அதே கணக்கைத்தான் ஆகாயத்துக்கும் போட்டார். எங்களோடு வந்த பெங்காலிப் பெரியவரும் தன் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "டீக் ஹே, டீக் ஹே" என்று சரிசொல்லி ஒத்து ஊதினார். பைலட்டும் சம்மதித்துவிட்டார்.

போர்ட் பிளேரை நெருங்கியபோது ஊரே கண்ணில் படவில்லை. வெள்ளையாக மழை மட்டும் நின்றது. சுற்றினோம். மறுபடியும் சுற்றினோம். நான் பைலட்டுக்குப் பின்னால் இருந்தேன். பெட்ரோல் முள்ளைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கக் கண் அங்கேயேதான் போனது. திரும்பிப் போகவும் பெட்ரோல் போதாது என்று பைலட் சொன்னார்.

"ஏங்க, ரெண்டு பேரும் ஒண்ணா ஏறியிருக்கக் கூடாது" என்றேன். "பிள்ளைக்கு யாருங்க இருக்கா?"

"சும்மா இரு ஏட்டி" என்றார். மடியில் கருவாட்டுப் பொட்டலம். அதை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார்.

பைலட் மழையை விட்டு விலகி, கரையோரமாக வடக்கே திருப்பினார். எஞ்சின் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு ஜெபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர் மேல், பார்சல் கொடுத்த ஒவ்வொருவர் மேல், அந்தக் கருவாட்டின் மேல்கூட. கீழே கடல் உள்வாங்கி, ஈர மணல் நீளமாகக் கிடந்தது. மரங்கள் ஜன்னலோரம் ஓடின. சக்கரம் மணலில் பட்டு எகிறியது, மறுபடி பட்டது, புதைந்தது. மூக்கு குப்புறச் சாய்ந்து விமானம் நின்றது. தேங்காய்கள் எங்கள் மேல் உருண்டு விழுந்தன. யாருக்கும் பெரிதாக அடியில்லை.

பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். டீ கொடுத்தார்கள், மண் சரிந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டதால் ஜீப் ஏற்பாடு செய்தார்கள். யாரோ ஒருவர் போனில் மகளைப் பிடித்துக் கொடுத்தார். காய்ச்சல் இறங்கிவிட்டதாம். "அத்தை முறுக்கு கொடுத்துச்சா?" என்று கேட்டாள். அப்போதுதான் நான் அழுதேன்.

ஜீப் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். கையில் துணியில் கட்டிய சின்னப் பொட்டலம்.

"அண்ணே, பாம்பூஃப்ளாட்தான போறீங்க? படகு ஜெட்டிகிட்ட எங்க அண்ணன் கடை. இத மட்டும் கொடுத்துருங்கண்ணே."

பழக்கத்தில் அவர் கை பாதி நீண்டது. அப்படியே நின்றது. பிறகு மடங்கி அவர் நெஞ்சுக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"முடியாதும்மா" என்றார். அவர் குரலே அது இல்லை.

நான் இத்தனை காலம் கேட்க ஆசைப்பட்ட சொல். ஆகாயத்தில் எஞ்சின் நின்றபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. என் மனுஷனை எங்கேயோ மேலேயே விட்டுவிட்டு வந்தது போல் இருந்தது.

"இங்க குடு தாயி" என்று கையை நீட்டினேன். "கடை எங்கன்னு சொல்லு. இவுக கொண்டுபோய்க் குடுத்துருவாக."

வாங்கி, அவர் மடியில் வைத்தேன். ஜீப் நகர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் அதன் மேல் கையை வைத்தார்.