மனைவி பெயரைச் சொல்ல மறுக்கிறாள்

அந்த வரியை அடித்தது நான்தான். இங்கிலீஷில் ஏழே வார்த்தைகள். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. காகிதத்தை மெஷினிலிருந்து உருவியபோது என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐம்பதுகளின் பின்பாதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. திருச்சி கண்டோன்மென்டில் ஒரு போலீஸ் ஆபீஸில் டைப்பிஸ்டாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் சேர்ந்திருந்தேன். ஸ்ரீரங்கத்தில் கோயில் வீதிப் பெண் போலீஸ் ஆபீஸுக்குப் போகிறாளாம் என்று வீதியே கூடிப் பேசியது. அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா என்ன.

காலையில் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரம்தான் உட்காருவேன். மார்கழியில் பனி இறங்கினால் ஆறும் தெரியாது, கரையும் தெரியாது. எங்கேயோ மிதந்து போவதுபோல இருக்கும். டைப் அடிக்க உட்கார்ந்த பிறகும் பாதி நான் அந்தப் பனியிலேயே இருப்பேன். "இந்தப் பொண்ணு கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குதுய்யா" என்பார் எங்கள் இன்ஸ்பெக்டர். நல்ல மனுஷர். கேலி இல்லாமல் அவருக்கு ஒரு வாய்க் காப்பி இறங்காது.

என்னிடம் வந்தவை கடல் கடந்து வரும் காகிதங்கள். மலாயாவில் அப்போது காட்டுக்குள் ஒரு கூட்டம் ஒளிந்திருந்தது. பஸ்ஸை மறித்துக் கொளுத்துவார்கள், ரப்பர் தோட்டத்து ஆட்களைச் சுடுவார்கள், கூலிக்காரர்களை மிரட்டி அரிசி வாங்குவார்கள். அரிசி கொடுத்தவனையும் அந்த ஊர்ப் போலீஸ் பிடித்து முள்கம்பிக்குள் வைக்கும். பயந்து கொடுத்தவன் யார், மனசாரக் கொடுத்தவன் யார், யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்குக் காட்டுக்காரர்கள் செத்தவர்களின் அடையாள அட்டையை வைத்துக்கொண்டு வேறு பெயரில் உலவினார்கள். பிடிபட்ட தமிழன் "நான் இன்ன ஊர், இன்னார்" என்று சொன்னால், அது நிஜமா என்று அந்த அரசாங்கம் நம் அரசாங்கத்தைக் கேட்கும். டில்லி, மெட்ராஸ் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு, கடைசியில் அந்தக் கேள்வி என் மேஜைக்கு வந்து சேரும்.

நான் அந்தத் தாள்களை முகர்ந்து பார்ப்பேன். மழை வாசனை அடிப்பதாகத் தோன்றும். ரப்பர் மரத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் வரிசை வரிசையாக மரங்கள், ஒவ்வொன்றிலும் பால் சொட்டும் சிரட்டை, அவற்றுக்குப் பின்னால் இருட்டான காடு என்று எல்லாம் கண்முன் வந்து நிற்கும். எங்கேயோ ஒரு பஸ் எரியாமல் இருப்பதற்காக இரண்டு தேசங்கள் பேசிக்கொள்கின்றன, நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன். தலைகால் தெரியாது.

அப்படி வந்தவற்றில் ஒன்று அந்த மனிதரின் ஃபைல். உள்ளே ஒரு போட்டோ. நெஞ்சில் நம்பர் பலகை, மழித்த தலை, ஒட்டிய கன்னம், பெரிய காதுகள். துறையூருக்கு வடக்கே பச்சைமலை அடிவாரத்தில் ஒரு கிராமம் தன் ஊர் என்று சொல்லியிருந்தார். அவர் குடியிருந்த லயத்துக்கு, அதாவது தோட்டத்துக் கூலிக்காரர்களின் வரிசை வீட்டுக்குப் பின்னால் அரிசி மூட்டை கிடைத்ததாம். அவருடைய அட்டையில் இருப்பது செத்துப்போன வேறொருவனின் பெயராக இருக்கலாம் என்று அங்கே சந்தேகம். பெயர் நிஜம் என்று நாங்கள் எழுதினால் அவரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் முள்கம்பிதான். ஊரார் சாட்சி போதாது, நெருங்கிய உறவின் வாய்மொழி வேண்டும் என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தது. அவருக்கு மிச்சமிருந்த உறவு மனைவி ஒருத்திதான்.

பெண்பிள்ளையை விசாரிக்க வேண்டும் என்பதால் இன்ஸ்பெக்டர் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். காவிரி, எங்கள் ஊர், கொள்ளிடம், மண்ணச்சநல்லூர் என்று தாண்டித் தாண்டி, துறையூருக்கு அப்பால் ரோடு மண்ணாகி, மலை நீலமாக வந்து நின்றது. அந்த அம்மாளை மரவள்ளிக் கொல்லையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். என்னைவிட எட்டு, பத்து வயது மூத்தவர். போட்டோவை நீட்டினேன். உடனே வாங்கவில்லை. கையைச் சேலையில் துடைத்து, இன்னொரு தடவை துடைத்து, அப்புறம்தான் வாங்கினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காது அவரோடதுதாங்க" என்றார். "என்னாங்க இப்படி எளச்சுப் போயிட்டாரு."

"சரிம்மா. உன் வீட்டுக்காரர் பேரைச் சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் முகத்தில் லேசாக வெட்கம். ஆறு வருஷமாகப் பார்க்காத புருஷன் பேச்சை எடுத்ததும் அவருக்குள்ளிருந்து ஒரு புதுப்பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அதை எப்படிங்க நான் சொல்றது?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். கிராம முன்சீப் ஊருக்குப் புதிது, அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை. ஆனால் பதிவேட்டைப் பார்த்துப் பெயரைப் படித்தார். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். எங்களைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு ஜீப்பில் ஏறினோம். திரும்பும் வழியெல்லாம் நான் ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் படிவத்தை நிரப்பினேன். படத்தை அடையாளம் காட்டினாரா? ஆம். பெயரைத் தன் வாயால் சொன்னாரா? அந்தக் கட்டத்தில்தான் அந்த ஏழு வார்த்தைகள். மனைவி தன் கணவரின் பெயரைச் சொல்ல மறுக்கிறாள்.

ஏன் மறுக்கிறாள் என்று எழுதவில்லை. எழுதணும் என்று தோன்றவே இல்லை. இதைக்கூடவா எழுதுவார்கள்? எங்கள் அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் பெயர். அதனால் அம்மா ஊர்ப் பெயரைக்கூட வாயில் எடுக்க மாட்டாள். பஸ்ஸில் கண்டக்டரிடம் "அக்கரைக்கு ஒண்ணு" என்று டிக்கெட் கேட்பாள். அவனும் சிரிக்காமல் கிழித்துக் கொடுப்பான். அந்த அம்மாவுக்குப் பிறந்தவள் நான். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள் என்பது, சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைப் போல உலகத்துக்கே தெரிந்த சங்கதி என்று இருந்துவிட்டேன். இன்ஸ்பெக்டரும் அப்படித்தான் இருந்திருப்பார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு மாதம் கழித்து மலாயாவிலிருந்து பதில் வந்தது. படத்தில் இருப்பவன் கணவன் என்று ஒப்புக்கொள்கிற மனைவி அவன் பெயரை மட்டும் மறைக்கிறாள் என்றால் அட்டையில் உள்ள பெயர் பொய் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அவளை மிரட்டுவது யார்? மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில் பெயரைச் சொல்லவைத்து அனுப்பவும். அதுவரை அவன் காவலிலேயே இருப்பான். அவ்வளவுதான் கடிதம்.

 முதலில் அதில் கையெழுத்துப் போட்டிருந்த வெள்ளைக்கார அதிகாரியை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். மடையன், மரமண்டை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். திட்டி முடித்ததும், எரிந்த பஸ்ஸிலிருந்து ஆட்களை எடுத்துப் போட்டவனாகக்கூட அவன் இருக்கலாம் என்று தோன்றியது. அவன் கேட்டது நியாயம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவள் நான். என் பெருமையால் ஒரு மனிதர் பதினோரு மாதம் கூடுதலாக உள்ளே கிடந்திருக்கிறார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"அசடே, ஏன் சொல்லலைன்னு ஒரு வரி எழுதப்படாதோ? உன்னைப் படிக்கவெச்சு என்னடி பிரயோஜனம்?"

அன்று ராத்திரி எனக்குச் சாதம் இறங்கவில்லை.

மறுநாள் வழக்கத்தை விளக்கி ஒரு பக்கம் டைப் அடித்துக்கொண்டு போய் நீட்டினேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாகப் படித்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவன் இதை நம்புவானா? இதையும் அனுப்புவோம், பேரையும் வாங்கி அனுப்புவோம்" என்றார். அன்று அவர் கேலி பண்ணவில்லை.

அந்த அம்மாளைத் துறையூருக்கு வரவழைத்தோம். மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வாசலில் புளியமரத்தடியில் உட்காரவைத்து நானே சொன்னேன். நீங்க பேரைச் சொன்னா அவர் வந்துடுவார். சொல்லலைன்னா விட மாட்டாங்க. தப்பு என்னுடையது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. கோழை நான், வேறென்ன.

"வேற யாராச்சும் சொன்னா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. நீங்கதான் சொல்லணுமாம்."

"சொன்னா அவரு ஆயுசு கொறைஞ்சிருமே."

"அதெல்லாம் குறையாதுங்க."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? ஒங்களுக்குத்தான் இன்னும் கண்ணாலமே ஆவலியே" என்றார். கோபமில்லை, சும்மா கேட்டார்.

கொஞ்சநேரம் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புளியம்பூ ஒன்றிரண்டு அவர் மடியில் உதிர்ந்தது. வெயிலும் காற்றும் அந்த இடத்தை விட்டுப் போய்விட்டாற்போல இருந்தது. அப்புறம் எழுந்து குழாயடிக்குப் போனார். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு உள்ளே நடந்தார்.

மாஜிஸ்ட்ரேட் வயதானவர். விஷயம் தெரிந்து, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் தாலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

"கேக்கலைம்மா. இன்னொரு தடவை, சத்தமா" என்றார் குமாஸ்தா. அவரைக் குறை சொல்லி என்ன, அவர் எழுதியாக வேண்டும்.

அந்த அம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டாம் தடவை சொன்னார். கோர்ட் முழுக்கக் கேட்டது. அந்தப் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. சொன்ன கையோடு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கைநாட்டு வைக்க நான்தான் விரலைப் பிடிக்க வேண்டியிருந்தது. விரல் ஜில்லென்றிருந்தது. "ரெண்டு தடவை சொல்ல வச்சுட்டீங்களே" என்றார் என்னிடம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதேன்.

அடுத்த தையில் அந்த அம்மாளின் கணவரை விட்டுவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கினால் முதலில் எங்கள் ஆபீஸில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும். ஒரு தகரப் பெட்டியோடு காலையிலேயே வந்துவிட்டார். போட்டோவில் பார்த்த காதுதான். பத்து மணிக்குக் கையெழுத்தெல்லாம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்க்கிறேன், வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ஊருக்குப் போகலையாங்க? துறையூர் பஸ் ரெண்டு போயிருக்குமே" என்றேன்.

"போவணுங்க" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. "அந்தத் தாளெல்லாம் எழுதுனது இங்கதானுங்களா?"

 என்னைக் கேள்வி கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். கேட்கட்டும், கேட்க வேண்டியவர்தானே.

"மொதல்ல ஒரு தாள் வந்துச்சுங்க. தொரை என்னைக் கூப்பிட்டு, ஒன் பொண்டாட்டி ஒன் பேரைச் சொல்ல மாட்டேங்கறா, நீ யாரு, உண்மையைச் சொல்லுன்னு மேசையைத் தட்டுனாரு. நான் சிரிச்சுட்டேங்க. உள்ள போனதுலேருந்து அன்னிக்குத்தான் சிரிச்சேன். அவ உசுரோட இருக்கா, இன்னும் என்னையே நெனச்சுக்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சுபோச்சுல்ல. தொரைக்கு ஒண்ணும் புரியலை. அந்த ஒரு பேச்சை வச்சுக்கிட்டுத்தாங்க அந்த வருசத்தை ஓட்டுனேன்."

நான் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்புறம் ரெண்டாவது தாள் வந்துச்சு. ஒன் பொண்டாட்டி பேரைச் சொல்லிட்டா, நீ போவலாம்னு தொரை எனக்குக் கை குடுத்தாரு. பேரைச் சொல்லிட்டாளா? வெறுத்துப்போனவதானுங்களே புருசன் பேரைச் சொல்லுவா. கப்பல்ல வர்றப்ப பூரா இதே நெனப்பு. இங்க வந்து எறங்கிட்டேன். இதுக்கு மேல கால் போவலைங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரி, நான் எழுதாமல் விட்ட காரணம், பதினோரு மாதம், ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"எப்படிங்க சொன்னா? கோவமாச் சொன்னாளா?" என்று மட்டும் கேட்டார்.

"குளிச்சுட்டு வந்து, தாலியைப் பொத்திக்கிட்டுச் சொன்னாங்க. ஒரு தடவை காதில விழலைன்னு ரெண்டாவது தடவை சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டு வாயில துணியை அடைச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டாங்க. உங்க ஆயுசு குறைஞ்சிருமேன்னுதான் அவங்களுக்குப் பயம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த பஸ் எத்தனை மணிக்குங்க?" என்றார்.