கிளிக்கு எதிரே ஓர் இலை

எங்கள் வீட்டுக் கிளி எந்த மரப்பொந்தில் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. வளர்ந்தது குற்றாலத்தில், ஒரு நேந்திரங்காய் வறுவல் கடையில். அதனால் வறுவலைத் தவிர உலகத்தில் வேறு ஆகாரம் உண்டு என்பதே அதற்குத் தெரியாமல் போய்விட்டது. கோவைப்பழத்தை நீட்டினால் தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்க்கும். கொய்யாத் துண்டை வாங்கி, வாங்கிய மரியாதைக்கு ஒரு கொத்துக் கொத்திவிட்டுக் கீழே போட்டுவிடும். கிளி கோவைப்பழம் தின்னும் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருந்த எனக்குப் புத்தகத்தின் மேல் இருந்த நம்பிக்கை மூன்றாம் வகுப்பிலேயே போயிற்று.

அதை வாங்கி வந்தவர் சித்தப்பா. சித்திக்காக வாங்கினார். சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். அந்த ஆடி மாதம் அவளுக்கு மறுபடியும் மூன்று மாதம். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்பதுபோல எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். சாரல் வேறு விடாமல் பெய்துகொண்டிருந்தது. மலை தெரியாது, எதிர்வீடு தெரியாது, ஊர்க் கோயிலின் மொட்டைக் கோபுரம் மட்டும் சில சமயம் தெரியும், சில சமயம் அதுவும் இருக்காது. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அந்த ஈரத்துக்குள் பச்சையாக இருந்தது கிளி ஒன்றுதான்.

கடையில் கற்ற பாடத்தை அது மறக்கவில்லை. யார் வாசலில் காலெடுத்து வைத்தாலும், "வாங்க, சூடா இருக்கு" என்று சொல்லும். பெரியப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. பெரியப்பாதான் வீட்டுக்கு மூத்தவர். வயலும் நெல் வியாபாரமும் அவர் பொறுப்பு. அப்பாவும் சித்தப்பாவும் அவர் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாதவர், கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, "என்னடே, சூடா இருக்கா" என்று குழைந்த குரலில் விசாரிப்பார். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிளியின் மேல் கொஞ்சம் பொறாமைதான்.

ஆடி முடிவதற்குள் கிளிக்கு இறகு கொட்ட ஆரம்பித்தது. கழுத்தில் தோல் தெரிந்தது. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து, கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வெறும் எண்ணெய்ப் பண்டமாத் தின்னுருக்கு. இப்படியே போனா தை மாசம் தாங்காது, பாத்துக்கிடுங்க. பச்சைக் காயாக் குடுங்க."

நான் அன்றைக்கு அழுதேன். வறுவல் அன்றோடு நின்றது. பருப்புச் சோறு வைத்தார்கள், அதில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கிற அளவுக்கு மட்டும் கொத்தியது. வெண்டைக்காய், வெள்ளரிப்பிஞ்சு, சீனியவரைக்காய் என்று சந்தையில் வந்ததெல்லாம் கூண்டுக்குள் போய், அப்படியே வாடி வெளியே வந்தது. நான் கெஞ்சினேன், பாட்டுப் பாடினேன், ஒருநாள் கோபத்தில் கூண்டைத் தட்டியும் பார்த்தேன். அது கண்ணை மூடிக்கொண்டது.

அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு குற்றாலத்துக்கே போய் அந்தக் கடைக்காரரைக் கேட்டார். கடை முன்னால் கூட்டம் நெரிந்தது. அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவர்கள் நின்றபடியே தின்றுகொண்டிருந்தார்கள். கடைக்காரர் வாணலியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எதிர நிக்கவுக தின்னதைப் பாத்துப் பாத்துத் தின்னு வளந்த கிளில்லா அது. நீங்க தின்னாத்தான் அது தின்னும். ஆளு தின்னாதத அது தொடாது."

ஆக வழி தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் அப்பா கூண்டுக்கு எதிரே நின்று ஒரு பச்சை வெண்டைக்காயைக் கடித்தார். கொழகொழப்பு மீசையில் இழுத்துக்கொண்டு நின்றது. கிளி முதுகைத் திருப்பிக்கொண்டது. நான் வெள்ளரிப்பிஞ்சைத் தின்று காட்டினேன். எனக்கு வயிறு வலித்ததுதான் மிச்சம். அது எங்களைத் தாண்டி அடுக்களை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே சித்தி நின்றுகொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு முறையைச் சொல்ல வேண்டும். பட்டாசலில், அதாவது வீட்டின் நடுக்கூடத்தில், முதலில் ஆண்கள் உட்காருவார்கள். பிறகு பிள்ளைகள். அதற்குப் பிறகு அடுக்களைக்குள் கதவை ஒருக்களித்துக்கொண்டு பெண்கள், வயது வரிசைப்படி. பெரியம்மா, அப்புறம் அம்மா, எல்லோருக்கும் கடைசியாகச் சித்தி. அவள் முறை வரும்போது மணி மூன்றாகியிருக்கும். பொரியல் சட்டி வழித்துக் காய்ந்திருக்கும், கீரை வாசனை மட்டும் இருக்கும். ரசத்தையும் ஊறுகாயையும் வைத்து அவள் சாப்பாட்டை முடித்துக்கொள்வாள். லேடி டாக்டர் அவளைக் காயும் கீரையும் நிறையச் சாப்பிடச் சொல்லியிருந்தது எனக்கே தெரியும். கிளிக்குச் சொன்னதையே இவளுக்கும் சொல்லியிருக்கிறார்களே என்று நினைத்தேன், அதோடு விட்டேன். அம்மா ஒருநாள் ஒரு கிண்ணத்தில் கூட்டைத் தனியாக எடுத்து மூடி வைத்தாள். பெரியம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒருத்திக்குன்னு எடுத்து வைக்க பழக்கம் இந்த வீட்ல கெடையாது. நான் இருவது வருசம் இப்படித்தான் தின்னேன்" என்று சொல்லி, கூட்டைப் பழையபடி சட்டியில் கொட்டினாள். வீட்டு முறையை மாற்றுகிற அதிகாரம் அவளுக்கும் இல்லை. அது பெரியப்பாவின் அப்பா காலத்து முறை.

அப்பா மீசையில் வெண்டைக்காய் ஒட்டிய அன்று மத்தியானம் பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அம்மா மோரை வைத்துவிட்டுத் தூணைப் பார்த்துப் பேசினாள். புருஷனின் அண்ணனோடு நேராகப் பேசுகிற வழக்கம் கிடையாது. சொல்ல வேண்டியதெல்லாம் தூணிடம்தான் சொல்ல வேண்டும்.

"கிளி சின்னவளைத்தான் பாக்குது. வறுவலும் அவ கையால்தான் தின்னுச்சு. அவ முன்னால உக்காந்து காய்கறியாச் சாப்பிட்டா ஒருவேளை தின்னுமோ என்னமோ."

பெரியம்மா விசிறியை நிறுத்தினாள். கிளி, "வாங்க, சூடா இருக்கு" என்றது. பெரியப்பா இலையை மடக்கினார்.

"கிளிக்காகத்தானே. உக்காரட்டும்."

அப்படித்தான் மறுநாள் பதினொரு மணிக்கு, ஆண்கள் யாரும் வருவதற்கு முன்னால், பட்டாசலின் நடுவில் கூண்டுக்கு எதிரே சித்திக்கு ஓர் இலை விழுந்தது. அம்மா அவியல் வைத்தாள், பீர்க்கங்காய்க் கூட்டு வைத்தாள், முருங்கைக்கீரை வைத்தாள். ஓரத்தில் பச்சையாக நாலு வெண்டைக்காய்ப் பிஞ்சு. சித்தி முதல்நாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, திருடித் தின்கிறவள் மாதிரி அவசரமாக விழுங்கினாள். "கிளிக்குத் தெரியாண்டாமா, இங்கன திரும்பி உக்காரு" என்று அம்மா சொன்னாள். அவள் திரும்பினாள். ஒரு வெண்டைக்காயைப் பாதி கடித்து மீதியைக் கம்பிக்குள் நீட்டினாள். கிளி வாங்கியது. ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. பிறகு கீழே போட்டது.

"இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுக் காட்டு" என்றாள் அம்மா.

லீவு நாளில் நானே பார்ப்பேன், மற்ற நாளில் அம்மா சொல்வாள், தினமும் இதே கதைதான். கிளி வாங்கும், பார்க்கும், போடும். சித்தி இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுக் காட்டுவாள். எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு பெண்பிள்ளை இவ்வளவு பாடுபட்டுத் தின்று காட்டுகிறாளே, இந்தப் பறவைக்கு இரக்கம் வேண்டாமா என்று நினைப்பேன். சித்தியின் கன்னத்தில் பூசினாற்போல் சதை வந்தது. அதையெல்லாம் நான் கவனிக்கவில்லை, கிளியைத்தான் கவனித்தேன். ஆச்சரியம் என்னவென்றால், ஒன்றும் தின்னாத கிளிக்கும் கழுத்தில் புது இறகு முளைத்துக்கொண்டிருந்தது. "காத்து மாறினா எல்லாம் சரியாகும்" என்றார் பெரியப்பா.

ஆவணியில் ஒருநாள், விடியற்காலை. சாரல் சத்தத்தில் எனக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அம்மா படுத்திருந்த இடம் வெறுமையாக இருந்தது. எழுந்து பின்கட்டுப் பக்கம் போனேன். கிணற்றடி முழுவதும் மேகம் இறங்கியிருந்தது. முற்றத்து ஓரத்தில் ஒரு சிம்னி விளக்கு, அதைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் கிளிக்கூண்டைத் தரையில் இறக்கி வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஒரு வெண்டைக்காய். அவள் ஒரு கடி கடித்தாள். கிளி ஒற்றைக் காலால் மீதியைப் பிடித்து, விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது. பிறகு ஒரு சீனியவரைக்காய். அவள் பாதி, அது பாதி, அதன் வயிறு முட்டும் வரைக்கும். நறுக் நறுக் என்ற சத்தம் மட்டும் சாரலுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் பல் தெரியச் சிரிப்பு வேறு வந்தது. எனக்கு ஏனோ கூப்பிடத் தோன்றவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். போர்வை ஈரமாக இருந்தது, உடனே தூங்கிவிட்டேன்.

விழித்தபோது கூண்டு பழைய இடத்தில் தொங்கியது. துடைத்துச் சுத்தமாக இருந்தது. பெரியம்மா முற்றத்தில் மோர் கடைந்துகொண்டிருந்தாள். நாலடி தள்ளிப் பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பெரியம்மா, கிளி காய் தின்னுச்சு. அம்மா கையால வெண்டைக்கா..."

மத்து நின்றது. அடுக்களைக்குள் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. பெரியம்மா முதலில் பேப்பரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து, வெண்ணெய்க் கையால் என் முகத்தைத் திருப்பினாள்.

"கனாக் கண்டிருக்கெட்டி."

"இல்ல பெரியம்மா, நான் பாத்தேன்."

"விடியக்காலத்துக் கனா பலிக்கும். வெளிய சொன்னாப் பலிக்காமப் போயிரும். கிளி பொழைக்கணுமா, வேண்டாமா?"

பிழைக்க வேண்டும் என்று தலையாட்டினேன். பெரியம்மா என் உள்ளங்கையில் ஒரு வெண்ணெய் உருண்டையை வைத்துவிட்டு, மறுபடி கடைய ஆரம்பித்தாள். பெரியப்பா பேப்பரின் பக்கத்தைப் புரட்டினார்.

அன்று பதினொரு மணிக்கும் சித்தி தின்று காட்டினாள். கிளி வாங்கியது, பார்த்தது, கீழே போட்டது. அப்படியானால் நான் கண்டது கனவுதான். அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்தக் கனவை வாய்க்குள் வைத்துக் காத்தேன். அந்த வயதில் அது சின்னக் காரியமில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் சொல்ல நாக்குத் துடிக்கும். கழுத்தில் இறகில்லாத கிளி கண்முன் வரும், அடக்கிக்கொள்வேன்.

கார்த்திகையில் சித்திக்கு வளைகாப்பு நடந்தது. சுரண்டையிலிருந்து அவள் வீட்டார் வந்து, பிரசவத்துக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். இனிக் கிளிக்கு யார் தின்று காட்டுவார்கள் என்று நான்தான் கவலைப்பட்டேன். மறுநாள் மத்தியானம் அம்மா சும்மா ஒரு வெண்டைக்காயைக் கம்பியில் செருகினாள். கிளி சரசரவென்று இறங்கி வந்து, எல்லோரும் பார்க்க, காம்பு வரைக்கும் தின்றது.

"பாத்தியா, கிளி திருந்திட்டு" என்றார் பெரியப்பா.

"சொன்னேம்லா, பலிக்கும்னு" என்றாள் பெரியம்மா என்னிடம். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கிளியைக் காப்பாற்றியது என் மௌனம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தை மாதத்தைக் கிளி தாங்கியது. தை முடிவில் சுரண்டையிலிருந்து ஆள் வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்னான். பெரியப்பா தெருவுக்கே கற்கண்டு கொடுத்தார். கிளிக்கு ஒரே ஒரு வறுவல் கொடுத்தார். என் சாதனையை யாரும் பேசவில்லையே என்று எனக்கு அன்று முழுவதும் மனக்குறை.

அடுத்த சாரல் தொடங்கிய ஆனியில் சித்தி குழந்தையோடு வந்தாள். முதல்நாள் மத்தியானம், பழைய முறைப்படி கடைசியில் சாப்பிட அடுக்களை மூலையில் போய் நின்றாள். பெரியம்மா ஓர் இலையை எடுத்துவந்து, கூண்டுக்கு எதிரே தன் கையாலேயே போட்டாள்.

"கிளி பாத்துக்கிட்டு இருக்கு. வந்து உக்காரு."

கிளி எங்கே பார்த்தது? அது பாட்டுக்கு வெள்ளரிப்பிஞ்சைத் தின்றுகொண்டிருந்தது. பெரியவர்களின் மறதியை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

"அது இப்பம் தானாத் தின்னுதே பெரியம்மா. சித்தி எதுக்கு?"

கை கழுவிவிட்டு வந்த பெரியப்பா, கிளியிடம் மட்டும் பேசுகிற அந்தக் குரலில் என்னிடம் பேசினார்.

"அதுக்கு மறதி ஜாஸ்தி பிள்ளே. தெனமும் பாத்தாத்தான் ஞாபகம் இருக்கும். அவ உக்காரட்டும்."

அவர் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையில் வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. சித்தி உட்கார்ந்தாள், சூடாகச் சாப்பிட்டாள், குழந்தை பெரியம்மா மடியில் கிடந்தது. சித்திக்கு முதன்முதலாக இலை விழுந்த நாளிலிருந்தே எங்கள் வீட்டு அடுக்களையில் கடைசியாகச் சாப்பிட்டவள் அம்மா. கதவை ஒருக்களித்துக்கொண்டு, மூன்று மணிக்கு, ரசத்தையும் ஊறுகாயையும் வைத்து. எதிரே உட்கார்ந்து தின்று காட்ட அவளுக்கென்று ஒரு கிளி இல்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் வயிறாரத் தின்று, பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு விடியற்காலையில்தான். அதையும் கனவு என்று நம்பி விட்டுவிட்டேன்.