நான் கழித்துப் போட்ட எட்டு லென்ஸ்

முதல் நாள்

என்னை வேலைக்கு எடுத்த அன்று முதலாளி கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு இங்கிலீஷ் படிக்க வருமாம்மா?" என்பதுதான். வராது என்றேன். தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்றும் சொன்னேன். சொல்லும்போது தலையைக் குனியவில்லை. அதற்கு முன் பதினெட்டு வருஷம் மருந்துக் குப்பி செய்யும் கம்பெனியில் இருந்தவள் நான். குப்பியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் குமிழி, கீறல் பார்த்து ஒதுக்குகிற வேலை. என் கையைத் தாண்டிப் போன குப்பி எதுவும் திரும்பி வந்ததில்லை.

"வராதா? அப்ப நல்லதாப் போச்சு" என்றார் முதலாளி.

கிண்டல் என்று நினைத்துக் கோபம் வந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் பட்டறைக்குப் பழைய ஃபிலிம் கேமரா லென்ஸ்கள் வரும். சுத்தம் செய்து, நடுவில் ஒரு அடாப்டர் ரிங் போட்டு, இன்றைய டிஜிட்டல் கேமராவில் மாட்டி டெஸ்ட் பண்ண வேண்டும். இவற்றில் தானாக ஃபோகஸ் ஆவதெல்லாம் கிடையாது, வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். பறவை, தூரத்துப் பொருள் எல்லாம் எடுக்கிற நீள லென்ஸை டெலி என்போம்.

கேமராவை டிரைபாடில் நிறுத்தி, அறுபது தப்படி தள்ளிக் காம்பவுண்டு சுவரில் ஒட்டிய கொட்டை எழுத்து இங்கிலீஷ் பேப்பரைப் படம் எடுப்போம். அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் டெஸ்ட். படித்தவர்கள் பார்த்தால், எழுத்து மங்கலாக இருந்தாலும் மனசு வார்த்தையைப் படித்துவிடும். படிக்க முடிகிறது, அதனால் தெளிவு என்று ஓகே போட்டுவிடுவார்கள். எனக்கு அது எழுத்தே இல்லை. கறுப்புக் கோடு, இடையில் வெள்ளைச் சந்து, அவ்வளவுதான். கோட்டின் ஓரம் கத்தி மாதிரி இருக்கிறதா, பஞ்சு மாதிரி இருக்கிறதா என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

தேறியது அலமாரிக்குப் போகும். தேறாதது ஊதா டப்பாவுக்குப் போகும். சனிக்கிழமை காலையில் மெக்கானிக் இர்ஃபான் ஊதா டப்பாவில் இருப்பதை எல்லாம் ஸ்பேருக்காகப் பிரித்துவிடுவார். ஆறு வருஷம் அப்படித்தான் நடந்தது. நான் கழித்ததை யாரும் இன்னொரு தடவை பார்த்ததில்லை. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க மாட்டேன்.

எட்டும் அவுட்

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை தேவசகாயம் என்பவர் வந்தார். இரும்பு உருட்டும் ஆலையில் க்ரேன் ஆபரேட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கையில் முந்நூறு எம்எம் டெலி ஒன்று. யாரோ தெரிந்தவர் கொடுத்ததாம். துண்டில் சுற்றிக் குழந்தையை ஏந்தி வருகிற மாதிரி ஏந்தி வந்தார்.

"முப்பது வருஷம் க்ரேன் கேபின்ல ஒக்காந்துகினு பறவைங்களயே பாத்தேம்மா. லீவருலேருந்து கைய எடுக்க முடியாது. இப்பதான் கை ஃப்ரீயாச்சு. பழவேற்காட்டுக்குப் போயி எல்லாத்தையும் புடிக்கணும்" என்றார்.

"பாத்துச் சொல்றேன் சார்."

"நல்லாயிருந்தா சொல்லு. இல்லேன்னா எனக்கு எதுக்கு அது? ஸ்பேருக்கு நீங்களே எடுத்துக்குங்க."

அதே வாரம், மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து ஒரு பெட்டி லென்ஸ் வந்திருந்தது. ஈரத்தில் கிடந்த பெட்டி. அதில் குட்டை லென்ஸ்கள் எல்லாம் தேறின. ஏழு டெலி இருந்தன, ஏழும் தேறவில்லை. தேவசகாயம் சாருடையதையும் மாட்டிப் பார்த்தேன். அதுவும் அப்படியே. கோட்டின் ஓரம் கத்தியாக இல்லை.

இர்ஃபான் ஊதா டப்பாவை எட்டிப் பார்த்தார். நாற்பது வயசு ஆள், கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"இன்னாக்கா, நீளமானது எல்லாமே அவுட்டா? ஒண்ணுகூடவா தேறல?"

"ஈரத்துல கெடந்ததுப்பா. நீளமானதுதான் மொதல்ல கெட்டுப்போவும்."

"க்ரேன் சாரோடது ஈரத்துல கெடக்கலியே?"

"நீ ஸ்க்ரூவப் பாரு. கண்ணாடிய நான் பாத்துக்கறேன்."

"சரி மேஸ்திரி" என்று சலாம் போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வியில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். நிற்கவில்லை. வியாழக்கிழமை தேவசகாயம் சாருக்கு போன் போட்டேன்.

"சார், உங்க லென்ஸு தேறாது."

"நீயே பாத்தியாம்மா?"

"நானேதான் சார்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எடுத்துக்கச் சொல்லு."

ஷேர் ஆட்டோ

சனிக்கிழமை பொன்னேரியில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, வழக்கம்போல ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தேன். தொழிற்பேட்டைக்குள் திரும்பும் இடத்தில் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஆட்டோ நகரவில்லை, இன்ஜின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற லாரியின் பின்பக்கம் பெரிதாக இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. பழக்கதோஷத்தில் கோட்டின் ஓரத்தைப் பார்த்தேன்.

நிற்கிற கோடெல்லாம் கத்தி மாதிரி இருந்தது. படுத்திருக்கிற கோடு மட்டும் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"எப்ப நகருமோ தெரியல, ஒரே பேஜாரு" என்று டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். நிறுத்தியதும் படுத்த கோடும் ஒன்றாகிவிட்டது.

அந்த வாரம் நான் கழித்த எட்டிலும் இதே மாதிரிதான் தெரிந்தது. நின்ற கோடு சுத்தம், படுத்த கோடு பஞ்சு. லென்ஸில் கோளாறு என்றால் பஞ்சு எல்லாப் பக்கமும் இருக்கும். ஒரே பக்கம் இருந்தால் அது ஆட்டம். இது தெரியாதவள் இல்லை நான். கண் பார்த்தது, கெட்டுப்போன பெட்டி என்ற நினைப்பு அதை மறைத்துவிட்டது.

எது ஆடியது என்பதும் உடனே புரிந்தது. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபவுண்டரி. வார்ப்பிலிருந்து மண்ணை உதிர்க்க அந்த வாரம்தான் புதிதாக ஒரு ஷேக்கர் மெஷின் போட்டிருந்தார்கள். நாள் முழுக்க 'ம்ம்ம்' என்று ஓடியது. தொழிற்பேட்டையில் சத்தத்தை யார் கவனிக்கிறார்கள்? அந்த நடுக்கம் தரை வழியாக டிரைபாடுக்கு ஏறியிருக்கிறது. குட்டை லென்ஸில் அது தெரியாது. நீள லென்ஸ் தூரத்தைப் பெரிதாக்குவது போலவே நடுக்கத்தையும் பெரிதாக்கிவிடும்.

மணி ஒன்பது ஆகப்போகிறது. இர்ஃபான் நாஷ்டா முடித்து ஒன்பது மணிக்கு ஊதா டப்பாவைத் திறப்பார். வேலை மேஜையில் போன் வைக்கக் கூடாது என்பது விதி, அவர் போன் பூட்டிய பெட்டியில் கிடக்கும். பட்டறையிலேயே இருக்கும் முதலாளிக்குப் போட்டால், பத்தடி நடந்து போய் நிறுத்திவிடுவார். போனில் அவர் பெயரை எடுத்துவிட்டேன். விரலை அழுத்தவில்லை.

"சார், நான் தப்பாப் பாத்துட்டேன்." இதைத்தான் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்தில் சொல்லாத சொல். சீக்கிரம் போய்விட்டால் எட்டையும் சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் மறுபடி பார்க்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது. போனைப் பைக்குள் வைத்துவிட்டு ஆட்டோவிலிருந்து இறங்கினேன்.

"இன்னாம்மா, அவ்ளோ தூரம் நடப்பியா? ஆடி அசைஞ்சி நீ போறதுக்குள்ள நானே வந்துருவேன்" என்றார் டிரைவர்.

லாரிகளுக்கு நடுவே புகுந்து நடந்தேன். ஓட்டமும் நடையுமாக என்று சொல்லலாம், ஆனால் என் முழங்காலுக்கு ஓட்டம் வராது. ஒவ்வொரு கம்பெனி கேட்டைத் தாண்டும்போதும் இன்னும் திறந்திருக்க மாட்டார், இன்னும் திறந்திருக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

உள்ளே நுழைந்தபோது இர்ஃபான் நெற்றி விளக்கோடு குனிந்திருந்தார். வெள்ளைத் துணியில் வளையங்கள், திருகாணிகள், ஐந்து கண்ணாடிகள். பக்கத்துக் கிண்ணத்தில் இரண்டு குழாய்கள் தின்னரில் ஊறிக்கொண்டிருந்தன.

"யாருதுப்பா அது?"

"க்ரேன் சாரோடதுதாங்கா. மொதல்ல இதத்தான் எடுத்தேன். இன்னொரு லென்ஸுக்கு இதோட மூணாவது கண்ணாடி வேணும்."

"எப்ப பிரிச்ச?"

"இப்பதான். பத்து நிமிஷம் இருக்கும்."

பத்து நிமிஷத்துக்கு முன்னால் என் கையில் போன் இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "இர்ஃபான், லென்ஸு நல்ல லென்ஸு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். எட்டையும்."

அவர் நெற்றி விளக்கைக் கழற்றினார். கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "நீயாக்கா?" என்று மட்டும் கேட்டார். அவர் கையை இழுத்து டிரைபாடின் தலையில் வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "ஆமாங்கா, ஓடுது" என்றார்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். ஆட்டோவில் தெரிந்ததையும் சொன்னேன், போனைப் பையில் வைத்ததையும் சொன்னேன்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றார்.

அரை மணி நேரம்

கண்ணாடிகளைத் திரும்ப அடுக்கிவிடலாம். சிக்கல் அந்த இரண்டு குழாய்களில். ஒன்றுக்குள் ஒன்று மரையில் சுற்றி ஏறுபவை அவை. ஏறத் தொடங்கும் வாய் பல இடத்தில் இருக்கும், சரியானது ஒன்றே ஒன்று. தப்பான வாயில் ஏற்றினால் தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் வராது. திரும்பப் பூட்டுவதற்காகப் பிரித்தால் இர்ஃபான் அந்த இடத்தில் கோடு கீறி வைப்பார். "ஸ்பேருக்குத்தானேன்னு கீறலக்கா" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

ஃபவுண்டரியில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் ஷேக்கரை நிறுத்துவார்கள். அதற்குள் பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமைதான். அதுவரை அந்த மனுஷனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நான் இருக்க வேண்டும். சங்கு ஊதியதும் தரை அடங்கியது. அவ்வளவு நாள் ஆடியது என்பதே அடங்கிய பிறகுதான் காலுக்குத் தெரிந்தது. அன்றைக்கு மேகமூட்டம், தூரத்தில் கானல் ஆடவில்லை. அது ஒன்றுதான் எங்கள் பக்கம் இருந்தது.

இர்ஃபான் குழாயை ஏற்றி, கண்ணாடியைப் பூட்டிக் கொடுப்பார். நான் கேமராவில் மாட்டி, தூரத்து ஆலைப் புகைபோக்கியின் ஏணியைப் பார்ப்பேன். முதல் வாய், ஏணியே இல்லை, வெறும் சாம்பல் நிறம். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் ஏணி வருகிற மாதிரி வந்து நின்றுவிட்டது. நாலாவது மோசம். அவசரத்தில் ஸ்பேனர் நழுவி முன் வளையத்தில் ஒரு கீறல் விழுந்தது.

"அய்யய்யோ" என்றார் இர்ஃபான்.

"பரவால்ல, ஏத்து" என்றேன்.

ஐந்தாவது வாய். வளையம் கடைசி வரை போய் நின்ற இடத்தில் ஏணிப்படிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றன. படுத்த கம்பியும் கத்தி, நின்ற கம்பியும் கத்தி. மூன்று படம் எடுத்தேன். என் கண்ணை நானே நம்பவில்லை. முதலாளியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவரும் சரி என்ற பிறகு சுவரில் இருந்த பேப்பரை எடுத்தேன். அப்படி ஒரு தெளிவை அந்த வருஷம் நான் பார்த்ததில்லை. அடுத்த நிமிஷம் ஷேக்கர் ஓட ஆரம்பித்தது.

அன்றைக்குச் சாயங்காலமே தேவசகாயம் சாரை வரச் சொன்னேன். மொபெட்டை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டு வைத்தார். நின்றார். குனிந்து காலைப் பார்த்தார்.

"இன்னாம்மா, தரை இப்டி அதிருது?"

முப்பது வருஷம் ஆடுகிற கேபினில் உட்கார்ந்தவர். செவ்வாய்க்கிழமை வாசலிலேயே லென்ஸை வாங்கிக்கொண்டு அனுப்பாமல், உள்ளே கூப்பிட்டு என் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கீறலையும் காட்டினேன். அவர் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ சொல்லாம உட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"ம்." அந்தக் கீறலை விரலால் தடவினார். "இனிமே நீ நல்லாருக்குன்னு சொன்னாலும் நானே ஒரு தபா பாத்துக்குவேன். கோச்சுக்காத."

கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற ரயிலில் அந்தச் சொல்தான் ஓடிக்கொண்டே இருந்தது.

மீதி ஏழையும் அடுத்த வாரம் மதியச் சங்குக்குப் பிறகு பார்த்தோம். ஐந்து நல்லவை. இரண்டில் கண்ணாடி ஓரத்தில் நிஜமாகவே பூஞ்சை. இப்போது கழிப்பதற்கு முன் லென்ஸ்காரரையோ இர்ஃபானையோ பக்கத்தில் உட்கார வைத்துத்தான் கழிக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. தப்பு என்று தெரிந்த அந்த நிமிஷமே, நடுரோட்டில் நின்றாலும் சரி, போனைப் போடுங்கள். நீங்கள் நடந்து போய்ச் சேர்வதற்குள் யாருடைய லென்ஸோ கழன்றிருக்கும்.