நடுக்கடலில் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். மதுரையில் எங்கள் கல்லூரி விடுதியில், மழை நாள்களில் மற்றப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இத்தகைய கதைகளைச் சொல்வார்கள். உனக்கு யார் சொன்னார்கள், அவர்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்பேன். மூன்றாவது கேள்வியில் கதை நின்றுவிடும். அதனால் என்னை யாரும் அந்த வட்டத்தில் சேர்ப்பதில்லை. இப்போது நானே ஒன்றைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அதே கேள்விகளை நீங்களும் கேட்கலாம். ஆனால் இது யாரோ சொல்லி நான் கேட்டதன்று. பட்டப்பகலில், கப்பலில் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, என் கண்முன் நடந்தது.

என் அத்தை, அப்பாவின் உடன்பிறந்த அக்காள், ரெட்டியார்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருக்கிறாள். கணவர் இல்லை. ஒரே மகன் பினாங்கில் கடை வைத்திருக்கிறார். போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்து எழுதியிருந்தார். படிவம் நிரப்ப ஆங்கிலம் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று என்னையும், துணைக்கு அப்பாவையும் சேர்த்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாள்.

எங்களுக்கு மேல்தளத்தில்தான் இடம். தலைக்கு மேல் தார்ப்பாய், கீழே கோரைப்பாய், சுற்றிலும் தகரப் பெட்டிகள். எதிர்ப் பாயில் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்யும் ஒருவரின் மனைவி, பேகம் என்ற நடுவயதுப் பெண், பிள்ளைகளோடு இருந்தார். கரை மறைவதற்கு முன்பே அத்தைக்கு வாந்தி தொடங்கிவிட்டது. முதல் நாள் அதையும் கேலியாகவே எடுத்துக்கொண்டாள்.

“ஏன் தம்பி, ரோடு போட்டுருந்தா நடந்தே போயிருப்பேன்ல” என்று அப்பாவிடம் சொன்னாள்.

“நடக்குறதுக்குள்ள பேரன் காலேஜுக்குப் போயிருவான்க்கா” என்றார் அப்பா.

இரண்டாம் நாள் கேலி நின்றது. கப்பலில் கொடுத்த தண்ணீர் இரும்பு வாடை அடித்தது. வாயில் பட்டவுடனே குமட்டினாள். எலுமிச்சை, இஞ்சி, மருத்துவர் கொடுத்த மாத்திரை எதுவும் உள்ளே தங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மருத்துவர் அவள் கையின் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. மாலைக்குள் வயிற்றில் தண்ணீர் நிற்காவிட்டால் சொல்வதற்கில்லை என்று அப்பாவைத் தனியே அழைத்துச் சொன்னார். அது எனக்கும் கேட்டது.

அத்தைக்கு அது தெரியாமலா இருக்கும்? என் விரலைப் பிடித்துக்கொண்டு, “ஏத்தா, செத்தா கடல்ல போட்டுருவாகளா?” என்றாள்.

“என்ன பேச்சு அத்தை இது?”

“எங்க ஊர்க்காரி ஒருத்திய இப்பிடித்தான் போட்டாக. மண்ணும் இல்ல, நெருப்பும் இல்ல. என் பேரனைக்கூட வேண்டாம்டி, மண்ணைக் கண்ணுல காமிங்க. நம்ம பெரிய கெணத்துத் தண்ணி ஒரு வாய் குடுத்தா எந்திரிச்சு உக்காந்துருவேன்.”

அந்தக் கிணற்றுத் தண்ணீர் எனக்குத் தெரியும். சவர்த் தண்ணீர், அதில் பருப்பு வேகாது. சிறுவயதில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அதைக் குடிக்க மாட்டேன் என்று நான் செய்த அடத்தை அத்தை இன்னும் சொல்லிக் காட்டுவாள். உப்பும் இல்லாமல், கசப்பும் இல்லாமல், நாக்கின் ஓரங்களை இறுக்குவதுபோல் ஒரு சுவை. உலகில் வேறெங்கும் நான் அதைக் கண்டதில்லை.

நண்பகல் சாப்பாட்டு மணி அடித்தது. அப்பா மறுபடியும் மருத்துவரைத் தேடிப் போனார். எதிர்ப் பாயில் பேகம் அம்மாள் லுஹர் தொழுகைக்கு நின்றார். நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது அதனால்தான். நான் அத்தையின் தலையை மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு பெண் வந்து எங்கள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

முப்பது வயதுக்குள் இருக்கும். அரக்குச் சுங்குடிப் புடவை. எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. காதில் தண்டட்டி போட்டிருந்தாள். அந்த வயதுப் பெண்கள் இப்போது தண்டட்டி போடுவதில்லையே என்று நான் நினைத்தது நினைவிருக்கிறது. புடவையின் கரை நனைந்திருந்தது. தளத்தைக் கழுவிவிட்டிருப்பார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கையில் ஒரு பித்தளைச் செம்பு.

“அம்புட்டும் வாந்தியா போகுதா? செத்த நேரம் தலையத் தூக்கு தாயி” என்றாள்.

நான் தூக்கினேன். தெரியாதவள் கையால் எதையும் வாங்க வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆயினும் எங்கள் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்ததும் எனக்கு அந்த எச்சரிக்கை மறந்துவிட்டது. அத்தை கண்ணைத் திறக்காமலே இரண்டு வாய் குடித்தாள். நான் வாந்திக்கு வைத்திருந்த தட்டை நெருக்கிப் பிடித்தேன். வாந்தி வரவில்லை. மூன்றாவது வாயும் உள்ளே போயிற்று.

“நம்ம கெணத்துத் தண்ணி” என்றாள் அத்தை, தூக்கத்தில் பேசுகிறவளைப்போல.

நோயாளியின் பிரமை என்றே எண்ணினேன். எண்ணிக்கொண்டே என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரங்கள் இறுகின.

இதற்கு மேல் நீங்கள் நம்பாமல் போனால் எனக்கு வருத்தமில்லை. அந்த நொடியில் நானே என்னை நம்பவில்லை.

“சகடை இன்னும் கத்துதா? எண்ணெய் போடுறாகளா?” என்று அவள் என்னைக் கேட்டாள். கிணற்றில் கயிறு ஓடும் சகடை; எந்தக் கிணறு என்று நான் கேட்கவில்லை. “கத்தும்” என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு எழுந்துகொண்டு, “செம்பு இருக்கட்டும். செத்த செத்தயாக் குடு. எனக்குக் குடிக்க ஏதாச்சும் ஒண்ணு தா, பெறகு மாத்திக்கிருவோம்” என்றாள்.

என் விடுதி டம்ளரை எடுத்தேன். எவர்சில்வர்; மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமல் இருக்க ‘ச. சிவகாமி’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது என்று அம்மா பழக்கியிருந்ததால், பெட்டியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை அதில் போட்டுக் கொடுத்தேன். “படிச்ச புள்ளையா இருந்தாலும் முறை தெரிஞ்சிருக்கு” என்று சொல்லி வாங்கிக்கொண்டு, தண்ணீர்க் குழாயில் நின்ற வரிசையைத் தாண்டி நடந்தாள். அவளை நான் பார்த்தது அவ்வளவுதான்.

பெயர் கேட்காமல் விட்டேனே என்று மாலையில் தளம் முழுவதும் தேடினேன். அப்பாவும் விசாரித்தார். தண்டட்டி போட்ட பெண்ணை யாரும் பார்த்திருக்கவில்லை. பேகம் அம்மாளைக் கேட்டேன்.

“நான் தொழுதுக்கிட்டிருந்தேம்மா, திரும்பிப் பாக்கல. ஆனா செம்பைத் தரையில வைக்கிற சத்தம் கேட்டுச்சு. உங்கத்தை குடிக்கிற சத்தமும் கேட்டுச்சு, அல்ஹம்துலில்லாஹ்னு நெனச்சுக்கிட்டேன்.”

செம்பு பெரியது, நானும் கரண்டியால்தான் கொடுத்தேன். ஆகவே அந்தத் தண்ணீர் இரண்டு நாள் வந்ததில் அதிசயம் எதுவும் இல்லை. மறுநாள் காலையில் அத்தை கஞ்சி கேட்டாள். தகரப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, செம்பைத் தானே வாங்கிக் கையில் பிடித்தாள்.

“ஏதுடி இது? யாரு செம்பு?”

அத்தைக்கு எழுத்துத் தெரியாது. கழுத்துப் பக்கம் வெட்டியிருந்த பெயரை நான் எழுத்துக் கூட்டாமல், சாதாரணமாகப் படித்தேன். “மு. கருப்பாயி.”

அவள் பெருவிரலால் செம்பின் அடியைத் தடவிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கே ஒரு நசுங்கல் இருந்தது. அதுவரை நானும் அதைக் கவனிக்கவில்லை.

“இதைக் கெணத்துல விட்டது நானு” என்றாள். “எனக்குக் கல்யாணம் ஆகாத நேரம். அவ கல்யாணச் சீருக்குப் பேரு வெட்டி வச்ச செம்பு. ஒரு நடை தாடின்னு எரவல் வாங்கிட்டுப் போயி, கயித்தோட நழுவ விட்டுட்டேன். மூணு நாளு பாதாளக் கரண்டி போட்டுத் துழாவுனாக, கெடைக்கல. அவ ஆத்தாகிட்ட ‘நாந்தான் விட்டேன்’னு சொல்லி, வெளக்கமாத்தால அடி வாங்குனா. என்னையக் காட்டிக் குடுக்கவே இல்ல.”

“இப்போது அவர்கள் எங்கே?”

“அதான் சொன்னேனே, கடல்ல போட்டாகன்னு. புருசனோட கப்பலேறித் தோட்ட வேலைக்குப் போகயில, இதே வாந்தி. குடிக்கத் தண்ணி எறங்காமப் போயிட்டாளாம்.”

அத்தை அழுத அழுகையைப் பார்த்து, மறுபடியும் உடம்புக்கு வந்துவிட்டதோ என்று அப்பா ஓடி வந்தார். வரவில்லை. பினாங்குத் துறையில் தன் காலால் நடந்து இறங்கி, மகன் நீட்டிய குழந்தையை வாங்கினாள்.

இதற்கு விளக்கம் தேடி நான் சோர்ந்துவிட்டேன். செம்பு எப்போதோ கிணற்றிலிருந்து கிடைத்து, யார் யார் கைக்கோ மாறி, கப்பல் வரை வந்திருக்கலாம். சவர்த் தண்ணீர் வேறு ஊர்களிலும் இருக்கலாம். ஊர் திரும்பிய பிறகு நானே இப்படிச் சொல்லி ஓர் ஆண்டைக் கடத்திவிட்டேன். சென்ற கோடையில் மழையில்லாமல் பெரிய கிணறு வற்றி, ஊரார் சேர்ந்து தூர் எடுத்தார்கள். அத்தை ஆள் விட்டு என்னை வரச் சொன்னாள்.

சேற்றோடு வந்த பழம் பாத்திரங்களுக்கிடையே ஓர் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அத்தை அதை யாரையும் தொட விடாமல் வைத்திருந்தாள். சேற்றைக் கழுவியதும் புள்ளி எழுத்தில் என் பெயர் தெரிந்தது. உள்ளே ஒரு வெள்ளைச் சோழி. சோழி எங்கள் பக்கத்தில் தாயம் உருட்டும் எல்லா வீட்டிலும் உண்டு, அது எனக்குத் தெரியும். அவளும் வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

“மாற்றிக்கொள்வோம் என்றுதானே சொன்னார்கள்? செம்பைக் கிணற்றில் விட்டுவிடலாமா அத்தை?” என்று கேட்டேன்.

“போடி இவளே. குடுத்துட்டா, அவ பெறகு எதுக்கு வரப்போறா?” என்றாள் அத்தை, செம்பை இடுப்போடு அணைத்துக்கொண்டு.

டம்ளர் இப்போது என் விடுதி அறையில் இருக்கிறது. அதில்தான் குடிக்கிறேன், பயந்து ஒதுக்கி வைப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஊற்றுவது மதுரைக் குழாய்த் தண்ணீர்தான். என் தோழியிடம் கொடுத்தேன், தண்ணீரில் ஒன்றும் இல்லை என்றாள். எனக்கு மட்டும், முதல் வாய் சவர்க்கிறது.