மழை நாளில் கொழுந்து

போன வருடம் இலங்கையில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பெருமழைக்குக் கையிலிருந்த புத்தகத்தோடு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒதுங்கினேன். இடி விடாமல் இடித்தது. மலையிலிருந்து இறங்கிவந்த பெண்களும் அங்கே நின்றார்கள். அவர்களில் ஒருவர் நெடுநெடுவென்று உயரமானவர். எதைப் பேசுவதற்கு முன்னும் ஒரு கொழுந்தை விரலால் கசக்கி முகர்ந்துகொள்வார்.

"என்ன பொஸ்தகம் சேர்?" என்று கேட்டார்.

ஆயிரம் வருடங்களுக்கும் முன்னால் ஒரு சீனர் தேயிலையைப் பற்றி எழுதிய நூலின் மொழிபெயர்ப்பு என்றேன்.

"மழையப் பத்தி ஏதும் எழுதியிருக்காரா?"

"மழை நாள்ல கொழுந்து எடுக்கக் கூடாதுங்கிறாரு."

அப்போது வெளிக்கள உத்தியோகத்தர் வந்து எல்லோரையும் மலைக்கு ஏறச் சொன்னார். அந்த அம்மா என்னிடமிருந்து நூலை வாங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார். நனைந்த கொழுந்தால் தேயிலையின் தரம் கெட்டுவிடும், அந்தக் காலத்துச் சீனர்களுக்கே இது தெரிந்திருக்கிறது என்று சரளமான சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். உத்தியோகத்தர் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். மழை விட்டதும் போகலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"இடி விழுந்தா உசிரு போயிரும்னு சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அத எத்தனையோ தடவ சொல்லிட்டோம் சேர். கொழுந்துக்குக் கெடுதின்னாத்தான் அவருக்குக் காதுல விழுது."

பழங்காலத்தவர் தேநீர் அருந்திய விதத்தைத் தெரிந்துகொள்ள நான் அந்த நூலை மூன்று முறை படித்திருந்தேன். அவருக்கு அதில் ஒரு வரி போதுமாக இருந்தது. இடி ஓயும்வரை முப்பது பெண்கள் கூரைக்குக் கீழே நின்றார்கள்.