சின்னம்மாவைத் தெரியாத நாள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, என் சின்னம்மாவை யாரென்றே தெரியாதவள்போல் ஒரு பிற்பகல் முழுக்க நடிக்கும்படி வீட்டில் சொன்னார்கள். பொய் சொன்னால் அடி விழும் வீடு எங்களுடையது. அந்த வீட்டில் பெரியவர்களே உட்கார்ந்து ஒரு பொய்யைத் திட்டம்போட்டு ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுத்ததும், அதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்ததும் எனக்குத் தீபாவளி முன்கூட்டியே வந்ததுபோல் இருந்தது.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. மலேசியாவின் ஜொகூர் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், என் அறையில், என் பக்கத்து மெத்தையில் படுப்பவர். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு நிரந்தர வேலை இருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவர் மாமா. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அண்ணன். லாரி நிறுவனத்தில் ஓட்டுநர்களை அதட்டி அதட்டி வீட்டிலும் அதே குரலில் பேசிப் பழகியவர். குடும்பத்தில் எந்தப் பேச்சும் அவர் பேசினால் முடிந்துவிடும்.

அந்த வேலையைச் சின்னம்மா ஒரு நாள் யாரிடமும் கேட்காமல் விட்டுவிட்டார். அதற்கு முன்பே இரகசியமாகப் படித்துச் சுற்றுலா வழிகாட்டி உரிமமும் வாங்கி வைத்திருந்தார். செய்தி தெரிந்ததும் மாமா வந்தார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"ஆத்தையும் கொரங்கையும் காட்டுறது ஒரு வேலயா? கொரங்கப் பாக்க ஒரு ஆளு, அதக் காட்ட ஒரு ஆளு. நல்லா இருக்கு லா."

மாமாவுக்கு முன்னால் சின்னம்மா பதில் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

ஒரு சுற்றுலா நிறுவனம் அவரைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. நகரத்து ஹோட்டலில் பயணிகளை வேனில் ஏற்றிக் கெலாங் பாத்தாவுக்கு அப்பால் உள்ள ஆற்றுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே படகேறி, அலையாத்திக் காட்டுக்குள் விலங்குகளைக் காட்டி, சூரியன் மறைவதைப் பார்க்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அதற்கு அந்தி சஃபாரி என்று பெயர் வைத்திருந்தார்கள். நிறுவனத்தின் மேலாளர் கூடவே வந்து கவனிப்பார். அவருக்குப் பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் மறுபடியும் தொழிற்சாலை. அங்கே மாமா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்.

பயணத்துக்கு முதல் நாள் மாலை பயணிகளில் பாதிப் பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆள் குறைந்தால் பயணம் ரத்து, சோதனையும் ரத்து. சின்னம்மா மெத்தையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மாதான் முடிவெடுத்தார்: நாங்களே பயணிகளாகப் போவது. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை, விடுப்பு கிடைக்காது. அம்மா, நான், தம்பி. இன்னும் ஓர் ஆள் வேண்டும். அம்மா மாமாவிடம் தொலைபேசியில் பேசினார்.

"வரேன். என்னாதான் காட்டுதுன்னு என் கண்ணால பாத்துடறேன்," என்றார் மாமா.

"ஆனா அண்ணே, அது நம்ம வீட்டுப் பொண்ணுன்னு காட்டிக்கக் கூடாது. மேலாளருக்குத் தெரிஞ்சா, ஆளு சேர்க்கக் குடும்பத்தக் கூட்டியாந்துட்டான்னு நெனைப்பாங்க."

"என் தங்கச்சிய எனக்குத் தெரியாதுன்னு சொல்லணுமா?"

"ஒரு நாளுதான்."

மாமா அதற்கு என்ன சொன்னாரோ, அம்மா கைப்பேசியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்த நாள் பிற்பகல், பிறந்ததிலிருந்து அந்த ஊரிலேயே வாழும் நாங்கள் தொப்பி போட்டுக்கொண்டு, ஹோட்டல் வாசலில் ஊருக்குப் புதியவர்கள்போல் அண்ணாந்து கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சின்னம்மா பச்சைச் சட்டையில் வந்தார். அன்று காலை எனக்குத் தலை சீவிவிட்டவர், குனிந்து என்னிடம், "உங்க பேரு என்னா தங்கச்சி?" என்று கேட்டார். நான் என் பெயரையே தப்பாகச் சொல்லிவிட்டேன். நடிப்பென்றால் முழுதாக நடிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மற்ற பயணிகள் நான்கு பேர். ஜெர்மனியிலிருந்து வந்த கணவனும் மனைவியும். சிங்கப்பூரிலிருந்து வந்த, ஒரே மாதிரி முடி வெட்டிய இரண்டு சீன ஆண்ட்டிகள். மேலாளர், முக்காடும் கண்ணாடியும் அணிந்த மலாய்க்காரப் பெண்மணி. எல்லாரும் அவரை மரியாதையாகப் புவான் என்றார்கள். வேனின் கடைசி இருக்கையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், யாரிடமும் பேசவில்லை.

மாமா பேசினார். நடிப்பு அவருக்கு இவ்வளவு பிடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தான் மூவார் என்ற ஊரில் நாற்காலி, மேசை செய்து விற்பவர் என்று சீன ஆண்ட்டிகளிடம் சொன்னார். அவர்கள் அலமாரி விலை கேட்டார்கள். தேக்கா, ரப்பர் மரமா என்று மாமா திருப்பிக் கேட்டார். கெலாங் பாத்தா வருவதற்குள் ஆண்ட்டிகளுக்கு ஒரு சாப்பாட்டு மேசையை ஏறக்குறைய விற்றுவிட்டார்.

படகுத்துறையில் குரங்கு ஒன்று தம்பியின் பக்கம் தாவியது. அவன் சின்னம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "சின்னம்மா" என்று அலறினான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. புவான் திரும்பிப் பார்த்தார்.

மாமா அசரவில்லை. "இவன் எல்லாப் பொண்ணுங்களையும் இப்படித்தான் கூப்பிடுவான்," என்று மலாயில் விளக்கினார். நான் அவரை அளவில்லாமல் மதித்தேன்.

படகை ஓட்டியவர் வயதான மலாய்க்காரர். வயதானவர்களை அழைக்கும் மலாய் முறையில் சின்னம்மா அவரைப் பாக்சிக் என்று அழைத்தார். ஆறு அகலமாக, தேநீர் நிறத்தில் இருந்தது. இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் வேர்களை விரித்துச் சேற்றில் நின்றன. சின்னம்மா ஆங்கிலத்திலும் மலாயிலும் மாறி மாறிப் பேசினார். குரல் முதலில் நடுங்கியது, பிறகு சரியானது. சரியாகும்போதெல்லாம் மாமா ஒரு கேள்வியைப் போட்டார்.

"மிஸ், இந்த ஆத்துல எத்தன மொதல இருக்கு?"

"தெரியல ஐயா. பாக்சிக்கிட்ட கேப்போம்."

பாக்சிக்கிடம் கேட்டார். எண்ணப் போன யாரும் திரும்பி வரவில்லை என்று அவர் முகத்தைச் சிரிப்பில்லாமல் வைத்துக்கொண்டு சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நீச்சல் தெரியாத மாமா மட்டும் தம் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் விலங்குகள் வரவில்லை. உயரத்தில் ஒரு கழுகு, சேற்றில் குதிக்கும் சில மீன்கள், அவ்வளவுதான். நீர்நாய்களைப் பார்க்கலாம் என்று விளம்பரத்தில் படம் போட்டிருந்தது. ஜெர்மன்காரர் தம் பெரிய கேமராவைப் பைக்குள் வைத்தார். வெயில் மஞ்சளானது.

"சஃபாரின்னாங்க. எங்க வீட்டு சாக்கடையில இதவிட அதிகம் பாக்கலாம்," என்று மாமா மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஆண்ட்டிகள் தலையாட்டினார்கள். புவான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

சின்னம்மாவின் கழுத்து வேர்த்திருந்தது. அவர் பாக்சிக்கிடம் போய்ப் பக்கத்தில் பிரியும் ஒரு கிளையாற்றைக் காட்டினார். பாக்சிக் தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு படகை உள்ளே திருப்பினார்.

உள்ளே மரங்கள் தலைக்குமேல் கைகோத்திருந்தன. நீர்நாய் அங்கேயும் இல்லை. திரும்பி வரும் வழியில் படகின் மூக்கு எதிலோ செருகி நின்றது. இயந்திரம் உறுமியது; சேறு கொப்பளித்தது; படகு நகரவில்லை. நாங்கள் உள்ளே போய் வருவதற்குள் கடலோடு சேர்ந்து ஆற்று நீரும் வற்றிவிட்டிருந்தது. அதே நேரத்தில் எதிர்க் கரையில் மரக்கட்டை என்று நான் நினைத்திருந்த ஒன்று நகர்ந்து, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது.

"அலமாக்," என்றார் ஓர் ஆண்ட்டி, ஐயோ என்பதுபோல் மெதுவாக.

மாமா எழுந்து நின்றார். அவர் கனமான ஆள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தொட்டது. அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டார்.

"கரைக்குப் போலாம். எறங்கி நடந்துடலாம். இதுல ஒக்காந்திருந்தா—"

"உட்காருங்க," என்றார் சின்னம்மா.

மாமா கேட்கவில்லை. ஒரு காலைத் தூக்கி விளிம்புப் பலகைமேல் வைத்தார். படகு இன்னும் சாய்ந்தது.

சின்னம்மா அவருக்கு நேரெதிரே வந்தார். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, உட்காருங்க. இப்பவே. உங்களால எல்லாரும் தண்ணியில விழுவாங்க."

எங்கள் குடும்பத்தில் யாரும் மாமாவிடம் அப்படிப் பேசியதில்லை. மாமா சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தை முதல்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது. ஈரமாக இருந்தது.

அதன்பிறகு சின்னம்மா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் படகின் பின்பக்கத்துக்கு நகர்த்தினார். முதலில் மாமா. பிறகு ஜெர்மன்காரர். புவானையும் விடவில்லை, "புவான், நீங்களும் இந்தப் பக்கம்," என்றார். புவான் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். பாக்சிக் கழியை ஊன்றித் தள்ளிப் பார்த்துத் தலையசைத்தார். நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

"தண்ணி இறங்கிக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சும் உள்ள வரச் சொன்னது நான்தான்," என்று சின்னம்மா எல்லாருக்கும் சொன்னார். "இப்ப நீர் திரும்பற நேரம். கொஞ்ச நேரத்துல படகு தானா கிளம்பும். கையக் காலத் தண்ணியில விடாதீங்க. அதுவரைக்கும் யாரும் பேசவும் வேணாம். நாம இங்க இருக்கறத இந்தக் காடு மறக்கட்டும்."

இயந்திரம் நின்றது. நாங்களும் அடங்கினோம். தம்பிகூடப் பேசவில்லை. முதலில் என் காதுக்குள் என் இதயம் மட்டும் கேட்டது. பிறகு சேறு கேட்டது; ஆயிரம் சின்ன வாய்கள் திறந்து மூடுவதுபோல் அது சத்தம் போட்டது. மரங்களின் இடைவெளியில் சூரியன் சிவந்து, கிளையாற்றின் தண்ணீர் முழுக்கச் செம்பு நிறமானது. அப்போது கொக்குகள் வந்தன. கூட்டம் கூட்டமாக வந்து எங்கள் தலைக்கு மேலிருந்த மரங்களில் இறங்கின; வெள்ளை இறகுகள் எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன.

சின்னம்மா விரலை நீட்டினார்.

படகு செருகியிருந்த அதே சேற்றுத்திட்டில், நான் கையை நீட்டினால் தொடும் தூரத்துக்குச் சற்றே அப்பால், ஒரு நீர்நாய் ஏறி நின்றது. உடம்பை உலுக்கியது. பின்னால் இன்னொன்று, வாயில் துடிக்கும் மீனோடு. அதன் பின்னால் குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, மீனுக்காகக் கீச்சிட்டுச் சண்டை போட்டுக்கொண்டு. எங்களை அவை பார்த்தன; ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தாய் மீனைத் தலையிலிருந்து கடித்து நொறுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஜெர்மன்காரர் கேமராவை எடுக்க மறந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார். கடைசிக் குட்டி சறுக்கி விழுந்து எழுந்து ஓடியபோது மாமா சிரித்தார். சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு, தோள்கள் குலுங்கச் சிரித்தார்.

அவை போய் மறைந்த பிறகு படகு மெல்ல அசைந்தது. பாக்சிக் கழியை ஊன்றினார். நாங்கள் மிதந்தோம்.

அகன்ற ஆற்றுக்கு வந்தபோது மேற்கே வானம் முழுக்கத் தீப்பிடித்ததுபோல் இருந்தது. தூரத்தில் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கின. யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை, எல்லாரும் கைதட்டினோம். ஆண்ட்டிகள் எழுந்து நின்று தட்டப் பார்த்தார்கள். "உட்காருங்க," என்று இந்த முறை மாமா அவர்களுக்குச் சொன்னார்.

படகுத்துறைக் கடையில் எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், தே தாரேக், வந்தது. புவான் அப்போதுதான் வாய் திறந்தார். இன்று நடந்த பிறகும், முதலை இருக்கும் ஆற்றுக்கு இந்தப் பெண்ணை நம்பி மறுபடி வருவீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஜெர்மன்காரர்கள் நாளைக்கே வருகிறோம் என்றார்கள். ஆண்ட்டிகள் மகள்களைக் கூட்டி வருவார்களாம். கடைசியில் மாமா. அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியாது, புவான். எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு. நான் சொன்னதக் கேட்டே வளந்துச்சு. ஒரு ஆபத்துன்னா அது என்னா செய்யும்னு நெனைச்சுப் பயந்துகிட்டே இருந்திருக்கேன். இன்னைக்குப் பயந்தது நான்தான். இந்தப் பொண்ணு உட்காருன்னுச்சு, உட்காந்தேன். எங்க வீட்டுப் புள்ளைங்கள எந்த ஆத்துக்கும் இந்தப் பொண்ணோட அனுப்புவேன்."

சின்னம்மா சற்றுத் தள்ளி லைஃப் ஜாக்கெட்டுகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டியதையே எடுத்து மறுபடி மாட்டினார். புவான் தே தாரேக்கைக் குடித்து முடித்து, திங்கட்கிழமை வேலையில் சேர அலுவலகத்துக்கு வரும்படி அவரிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நாடகம் முடிந்தது. அம்மா சோறு போட்டார். மாமா இனிமேல்தான் சின்னம்மாவை நேராகப் பாராட்டப் போகிறார் என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டார். குழம்பில் உப்புக் குறைச்சல் என்றார். செருப்பை மாட்டும்போது சின்னம்மாவைப் பார்த்து, "கதவச் சரியாப் பூட்டு," என்றார். போய்விட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. படுத்ததும் சின்னம்மாவிடம் என் துக்கத்தைச் சொன்னேன். முன்பின் தெரியாத அந்த மிஸ்ஸைப் பற்றி மாமா எவ்வளவு நல்லதாகப் பேசினார். சொந்தத் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை இல்லை. மாமாவுக்கு உங்களைவிட அந்த மிஸ்ஸைத்தான் பிடித்திருக்கிறது என்றேன்.

சின்னம்மா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தேன், தலையணை நனைந்திருந்தது. வருத்தப்படுகிறார் என்று நினைத்து, நாளைக்கு நான் மாமாவிடம் பேசுகிறேன் என்று ஆறுதல் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.