பிரேக் இல்லாத வண்டிகளும் ஒரு தண்ணீர் லொறியும்

மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டுகிறவனுக்குக் கைதட்டு, தடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு ஏச்சு. எழுபதுகளில் மூன்று வருடம் அந்த ஏச்சை வாங்கியவன் நான். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களுக்கு இது புரியும். அங்கே எல்லாரும் பேசியது இங்கிலிஷ்தான். என் நினைவில் நிற்பது மட்டும் எங்கள் தமிழில்.

வேலை கிடைத்த விதம்

சிட்னிக்கு மேற்கே, ஆடு மேய்ந்த வெளியொன்றில் லெஸ் என்பவர் கட்டிய ஸ்பீட்வே அது. முட்டை வடிவில் மண் தடம், சுற்றிவரப் பலகை வேலி, தகரக் கூரையின் கீழ் சனம் குந்தக் கொஞ்சம் வாங்குகள். ஞாயிறு பின்னேரங்களில் பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்கள் நாலு நாலாகச் சுற்றும். மண் காய்ந்தால் தூசி, அளவுக்கு மிஞ்சி நனைந்தால் சறுக்கல்.

நான் கொழும்பில் நீர்ப்பாசனக் கந்தோரில் படம் கீறியவன். வாய்க்காலைக் கடதாசியில் மட்டும்தான் கண்டிருக்கிறேன் என்று, வேலை கேட்டுப் போன அன்றே லெஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சாவியை நீட்டினார். “நீர்ப்பாசனம் எண்டால் தண்ணிதானே? லொறி அங்கை நிக்குது.”

வேலிக்கு அந்தப் பக்கம்

ஸ்பீட்வேக்குப் பக்கத்து வீட்டு டோரீன் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். உடுப்புத் தோய்க்க அவருக்குக் கிடைத்தது ஞாயிறு ஒன்றுதான். எங்கள் தூசி முழுவதும் அவருடைய கொடியில் போய்ப் படிந்தது. அவர் கவுன்சிலுக்கு எழுதினார். அடுத்த மாதம் அதிகாரி வருவார், தூசி வேலி தாண்டினால் லைசன்ஸ் இல்லை என்று கடிதம் வந்தது. லெஸ் வீட்டை அடகு வைத்துத்தான் ஸ்பீட்வேயைக் கட்டியிருந்தார். லைசன்ஸ் போனால் வீடும் போகும்.

ஆறுதல் சொல்வாள் என்று நம்பி, நார்த்மீட் வீட்டில் என் மனைவி யோகத்திடம் இதைச் சொன்னேன். அவள் குளியலறையில், தூசி படிந்த என் சேட்டைத் தோய்க்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். “அந்த மனுசியின்ரை பக்கம்தான் நியாயம். உங்கடை ஒரு சேட்டுக்கே நான் மூண்டு தண்ணி மாத்திறன்.”

பயத்தில் ஊற்றியது

அடுத்த ஞாயிறு, ஒரு லொறித் தண்ணீர் போதுமான இடத்தில் மூன்று லொறி ஊற்றினேன். மிளகாய்க் கன்றுக்கு இறைப்பதுபோல வஞ்சகமில்லாமல் இறைத்தேன். முதல் பந்தயத்தில் நாலு பேரும் முதல் வளைவிலேயே விழுந்தார்கள். நல்ல காலம், எலும்பு ஒன்றும் முறியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். ஒருவன் கண்ணாடியைக் கழற்றிச் சேற்றை வழித்தெறிந்தான். “பிரேக் இல்லை எண்டு தெரிஞ்சுதான் வந்தனான். நீந்தவும் வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

படம் கீறி ஊற்றியது

பிறகு எனக்குத் தெரிந்த வழிக்கே போனேன். தடத்தைப் படமாகக் கீறி, எந்த வளைவுக்கு எவ்வளவு, எந்தக் காற்றுக்கு எத்தனை தரம் என்று குறித்தேன். தூசி அடங்கியது. ஆனால் வளைவில் நிற்கும் பழைய ரசிகர்களுக்குப் பந்தயம் என்றால் தங்கள் மேலே மண் தெறிக்க வேண்டும். பியர் கிளாசைப் பந்தயத் தாளால் மூடிக்கொண்டு அதற்காகவே காத்து நிற்பார்கள். அன்று ஒரு துகளும் விழவில்லை. “மண் படாமல் பாக்கிறதுக்கு வீட்டிலை டிவி இருக்கு” என்று என்னை ஏசினார்கள்.

வெள்ளை லேஞ்சி

அதிகாரி வந்தார். டோரீனின் கொடியில், நாலு பெட்சீற்றுக்குப் பக்கத்தில், தூசி படிகிறதா என்று பார்க்கத் தன் வெள்ளை லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, கொழுவினார். மேல்காற்று அனலாய் வீசியது. நான் படத்தை மடியில் வைத்துக்கொண்டு லொறியை ஓட்டி ஓட்டி ஊற்றினேன். கடைசிப் பந்தயமும் முடிந்தது. லேஞ்சி அப்படியே வெள்ளை. லெஸ் என்னைக் கட்டிப்பிடித்தார்.

அப்போதுதான் சனம் வீட்டுக்குப் போகக் கார்களைக் கிளப்பியது. கார் நிறுத்தும் வெளி என் படத்தில் இல்லை. அங்கே ஒரு சொட்டும் ஊற்றவில்லை. எழும்பிய தூசி வேலியைத் தாண்டியது. லேஞ்சியும் பெட்சீற்றுகளும் செங்கல் நிறமாகின. லெஸ் நிலத்தில் குந்திவிட்டார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

அதிகாரி லேஞ்சியை மடித்தார், பைலைத் திறந்தார். “கார் நிப்பாட்டுற இடம் வேறை பிரிவு. என்ரை பைலிலை தடம் மட்டும்தான். தடத்திலை தூசி இல்லை” என்று கையெழுத்துப் போட்டார். டோரீன் பெட்சீற்றுகளை உருவி என் கையில் திணித்தார். “அப்ப இதுகளைத் தோய்க்கிறது எந்தப் பிரிவு?”

லெஸ்ஸுக்கு லைசன்ஸ் கிடைத்தது, எனக்கு நாலு பெட்சீற் கிடைத்தது, அவற்றை யோகம் விரலால் தொடவும் மறுத்துவிட்டாள்.